மன்ச்சாசன் பிரபு உண்மையில் இருந்தவரா? அவருடைய குடும்பம் எப்படிப்பட்டது?

இருந்தவர்தான். முழுப்பெயர் ஹிரோனிமஸ் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஃபான் முன்ஷ்ஹவுசன். 1720 மே 11-ல் ஜெர்மனியின் வேசர் ஆற்றங்கரையில் உள்ள போடன்வெர்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். 1797 பிப்ரவரி 22-ல் அதே ஊரில் இறந்தார். பீரங்கிக் குண்டின் மேல் ஏறிப் பறந்த ஆசாமி வேறு, அவர் இவர் பெயரை வைத்துக் கட்டிய புளுகுக் கதைகளின் நாயகன். அவரிடம் பிறகு வருவோம்.

பிரபு என்றதும் கோட்டை, கொத்தளம், சொந்தப் படை என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மன் பட்டங்களில் இவருடையது 'ஃப்ரைஹெர்', ஆங்கிலத்தில் பாரன். 'கிராஃப்', அதாவது கவுண்ட் என்பதற்கு ஒரு படி கீழே. ஹானோவர் என்ற அன்றைய ஜெர்மன் நாட்டில் ஒரு பண்ணை வீடு, கொஞ்சம் நிலம், வேட்டையாடக் காடு, அவ்வளவுதான் சொத்து. தந்தை கேயார்க் ஓட்டோ குதிரைப்படை அதிகாரி. பையனுக்கு நான்கு வயதாகும்போதே போய்விட்டார். தாய் சிபில்லே வில்ஹெல்மினே, ஃபான் ரேடன் குடும்பத்துப் பெண். பிள்ளைகள் எட்டுப் பேர், இவர் ஐந்தாவது. இருக்கிற ஒரு பண்ணையை இத்தனை பேருக்குப் பங்கு போட்டால் யாருக்கும் வயிறு நிறையாது. அதனால் இப்படிப்பட்ட வீட்டுப் பையன்களைச் சிறு வயதிலேயே அரண்மனை ஊழியத்துக்கோ படைக்கோ அனுப்பிவிடுவார்கள்.

குடும்பம் என்னவோ மிகப் பழையது. கறுப்புக் கிளை, வெள்ளைக் கிளை என்று இரண்டு, அதற்குள் பல உட்கிளைகள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய ஹானோவர் அமைச்சர் கெர்லாக் அடோல்ஃப் ஃபான் முன்ஷ்ஹவுசனை இவருடைய அப்பா என்றோ அண்ணன் என்றோ எழுதிவிடுவார்கள். அவர் உறவினர் மட்டுமே. பெயரை மட்டும் பார்க்காமல் எந்த ஊர்ப் பண்ணை என்று பார்த்தால் குழப்பம் வராது.

இவர் பணிப்பையனாகச் சேர்ந்தது பிரவுன்ஷ்வைக் என்ற ஜெர்மன் சிற்றரசின் அரண்மனையில். அந்தக் குடும்பத்து இளவரசர் அன்டோன் உல்ரிஷ், ரஷ்யப் பேரரசி அன்னாவின் அக்காள் மகளை மணக்கப் போனவர். அவரைத் தொடர்ந்து இவரும் ரஷ்யா போனார். 1739-ல் குதிரைப்படையில் கார்னெட் என்ற கடைநிலை அதிகாரி, 1740-ல் லெஃப்டினன்ட். ரஷ்யாவின் கீழ் இருந்த ரீகா நகரில் பணி. ஆதரவாளர் மேலே போனால் நாமும் மேலே போகலாம் என்ற கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்டோன் உல்ரிஷின் கைக்குழந்தை ஆறாம் இவான் என்ற பெயரில் பேரரசனாகவே ஆனான். ஆனால் 1741 இறுதியில் மகா பீட்டரின் மகள் எலிசபெத் ஆட்சியைக் கவிழ்த்து, அந்தக் குடும்பத்தையே சிறையில் போட்டார். முன்ஷ்ஹவுசன் கைதாகவில்லை, பதவி உயர்வுதான் நின்றுபோனது. அடுத்த படியான ரிட்மைஸ்டர், அதாவது குதிரைப்படை கேப்டன் பதவி, 1750-ல்தான் வந்தது. நடுவில் ஒரே ஒரு சுவாரசியம்: 1744-ல் ரீகா வழியாகப் போன ஒரு ஜெர்மன் இளவரசிக்கு இவர் மரியாதை அணிவகுப்பு நடத்தினார். பின்னாளில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் ஆனது அந்தப் பெண்தான்.

பழைய குறிப்புகள் சில, 1740, 1741 இரண்டு ஆண்டுகளிலும் இவர் துருக்கியரோடு போரிட்டதாகச் சொல்லும். துருக்கிப் போர் 1739-லேயே முடிந்துவிட்டது. 1741-ல் ரஷ்யாவோடு மோதியது ஸ்வீடன். ரஷ்ய ஆவணங்களின் தேதிகளையும் அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே பழைய நாட்காட்டி. 18-ஆம் நூற்றாண்டில் 11 நாள் பின்தங்கும்.

அதே 1744-ல் லிவோனியாவில், இன்றைய லாட்வியாவில், யாகோபினே ஃபான் டுன்டனை மணந்தார். 1750-ல் சகோதரர்களோடு பாகம் பிரிக்க விடுப்பில் ஊருக்கு வந்தவர் திரும்பவில்லை. 1754-ல் படைப்பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் பண்ணை, வேட்டை, விருந்தாளிகளுக்கு ரஷ்யக் கதை. முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாராம்.

குழந்தை இல்லை. 1790-ல் யாகோபினே இறந்தார். 1794-ல், 73 வயதில், ஓய்வுபெற்ற மேஜர் ஒருவரின் மகள் பெர்ன்ஹார்டினேயை மணந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இளையவர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பெண் குழந்தை பிறக்க, தன் பிள்ளை இல்லை என்று கிழவர் மறுத்துவிட்டார். அந்தக் குழந்தையும் நிலைக்கவில்லை. மணமுறிவு வழக்கு கையில் இருந்ததையெல்லாம் தின்றது, கடனோடுதான் இறந்தார். பக்கத்தில் உள்ள கெம்னாடே மடத்துத் தேவாலயத்தில் அடக்கம். பிறந்த வீடு இப்போது போடன்வெர்டர் நகர மன்றம்.

இனி அந்தப் புளுகுகள். 1781-ல் பெர்லினில் ஒரு நகைச்சுவைத் தொகுப்பில், 'மு-ஹ-சன்' என்பதுபோல் பெயரை அரைகுறையாக மறைத்து, சில கதைகள் வந்தன. எழுதியவர் பெயர் இல்லை. ஜெர்மனியின் காஸல் ஆட்சியாளருடைய சேகரிப்பில் திருடிவிட்டு இங்கிலாந்துக்கு ஓடிய ருடால்ஃப் எரிஷ் ராஸ்பே, அவற்றை விரித்து 1785-ல் ஆங்கிலப் புத்தகம் போட்டார், அதிலும் பெயர் இல்லாமல். மறு ஆண்டே கவிஞர் கோட்ஃப்ரீட் ஆகஸ்ட் ப்யூர்கர் அதை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். பீரங்கிக் குண்டுச் சவாரியும், தலைமுடியைப் பிடித்துத் தன்னையே சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டதும் ப்யூர்கர் சேர்த்த சரக்கு. அவர் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தது, முன்ஷ்ஹவுசனின் உறவினர் உருவாக்கிய அதே கோட்டிங்கனில்! ஊரெல்லாம் 'பொய்யர் பிரபு' என்று பெயர் பரவியபோதும் எழுதியவர் யார் என்று தெரியாததால் யார் மேலும் வழக்குப் போட முடியவில்லை. ராஸ்பேதான் எழுதினார் என்பது பொதுவில் வெளிவந்தது 1824-ல். அதற்குள் மூவருமே இறந்துவிட்டார்கள்.

நோய் இருப்பதாக நடித்து மருத்துவமனை மருத்துவமனையாக ஏறுபவர்களின் நிலைக்கு 1951-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இந்தப் பெயரை வைத்தார். அது புத்தக நாயகனை நினைத்து வைத்த பெயர். போடன்வெர்டர்க்காரருக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.