வாடகை வீட்டுக்கு எதற்கு நினைவுப் பலகை?

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். பெல்சைஸ் பார்க் பக்கம் பார்க்ஹில் ரோடு என்ற தெருவில்தான் காலை நடை. அங்கே 60ஆம் எண் வீட்டுச் சுவரில் நீல நிறத்தில் வட்டமாக ஒரு பலகை. மோந்திரியான் என்ற ஓவியர் இங்கே வாழ்ந்தார் என்று எழுதியிருந்தது. மருமகனிடம் கேட்டேன். ஹாலந்துக்காரர், கறுப்புக் கோடும் கட்டமுமாக வரைந்தவர், இந்த வீட்டில் வாடகைக்கு இரண்டு வருடம்தான் இருந்தார் என்றார். வேற்று நாட்டுக்காரர், சொந்த வீடும் இல்லை, இருந்ததும் இரண்டே வருடம். இதற்கு ஒரு பலகையா? நாம் தெருவுக்கே பெயர் வைக்கிறோம், சிலை வைக்கிறோம். அதைவிட இது எந்த விதத்தில் பெரிது?

வாசகர் ஒருவர்,
திருநகர், மதுரை

அன்புள்ள ஐயா,

நம் மேல மாசி வீதி 251ஆம் எண் வீட்டில் காந்தி தங்கியதும் சொற்ப நேரம்தான். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது முழங்காலுக்கு மேல் ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தார். அதற்கப்புறம் கடைசிவரை அதுதான் அவர் உடை. அந்த வீட்டை நாம் இன்றும் காட்டுகிறோம். அது அவருடைய வீடும் இல்லை. எவ்வளவு காலம் இருந்தார் என்பதைவிட, அங்கே இருந்தபோது என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் சரி.

பார்க்ஹில் ரோட்டில் என்ன நடந்தது? மோந்திரியான் 1938 செப்டம்பரில் பாரிஸிலிருந்து அங்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 66. 1937இல் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று பழித்துக் காட்சிக்கு வைத்த படங்களில் அவருடையவையும் இருந்தன. போர் வரப்போகிறது என்று தெரிந்து கிளம்பிவிட்டார். அவருக்கு அறை பார்த்துக் கொடுத்தது ஓவியர் பென் நிக்கல்சன். சிற்பிகள் பார்பரா ஹெப்வொர்த், நௌம் காபோ எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். வந்ததும் அறைக்கு வெள்ளையடித்தார். மலிவான மரச் சாமான்களை வாங்கி அவற்றுக்கும் வெள்ளை பூசினார். 1940 செப்டம்பரில் பக்கத்தில் குண்டு விழுந்ததும் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். 1944இல் அங்கேயே காலமானார்.

'டிரஃபால்கர் சதுக்கம்' என்று அவருடைய ஓவியம் ஒன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1939இல் லண்டனில் தொடங்கி 1943இல் நியூயார்க்கில் முடித்தது. படம் இணையத்தில் கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள். வழக்கமான கறுப்புக் கோடுகள் இருக்கும். அவற்றின் நடுவே, எந்தக் கறுப்புக் கோட்டுக்குள்ளும் அடைபடாமல் சின்னச் சின்ன வண்ணத் துண்டுகள் தனியாக நிற்கும். அப்படி வண்ணத்தை அவிழ்த்துவிடும் துணிச்சல் நியூயார்க்கில் வந்தது. லண்டனில் முடிந்துவிட்டது என்று நிறுத்திய படங்களைக்கூட அங்கே மறுபடி கையில் எடுத்தார். நீங்கள் தினமும் கடந்து போன அந்த வீட்டிலிருந்து கிளம்பிய படம் கடல் கடந்து போய் வேறாகியிருக்கிறது. இது தெரிந்த பிறகு அந்த வாசலில் என்னால் சும்மா நடந்து போக முடியாது.

சிலையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றால் வேறு முக்குக்கு மாற்றலாம். தெருப் பெயரும் அப்படித்தான். இந்தப் பலகை அந்த ஒரு சுவரைத் தவிர வேறெங்கும் செல்லாது. கட்டடம் இடிந்து புதிதாகக் கட்டியிருந்தால் லண்டனில் பலகை தர மாட்டார்கள். சுமார் அரை மீட்டர் அகலப் பீங்கான் வட்டு அது. வெள்ளை எழுத்துகளைக் கோலம் இழுப்பது போல மண் குழம்பால் கையாலேயே இழுக்கிறார்கள். நடுப்பகுதி லேசாக மேடாக இருப்பதால் மழையே கழுவிவிடும். நம் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று வரும் பெயர்களுக்கு நடுவே யாருக்காக அந்தக் கல்லோ அவரைத் தேட வேண்டியிருக்கிறது. அது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் லண்டன்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் இறந்து இருபது வருடம் ஆன பிறகுதான் பலகை என்பது அவர்கள் விதி. ஆர்வ மிகுதியில் யாருக்கும் வைத்துவிடக் கூடாது என்பது அதில் உள்ள நியாயம். நம் ஊருக்கு இது ஆகாது. மதுரையைக் கோடு கோடாக வரைந்து வைத்த மனோகர் தேவதாஸ் 2022இல் மறைந்தார். பார்வை மங்கிக்கொண்டே வந்த நிலையிலும் கோவிலையும் வைகையையும் யானைமலையையும் விடாமல் வரைந்தவர். அவருக்கு 2042 வரை காத்திருந்தால் மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் எத்தனை மிஞ்சும்? தங்கம் தியேட்டர் எவ்வளவு பெரிய கட்டடம், அதுவே போய்விட்டது. லண்டனிலும் 1867இல் முதல் பலகை வைத்த ஆங்கிலக் கவிஞர் பைரன் வீடு 1889இல் இடிபட்டதுதான். ஆனால் அவர்கள் அதற்கப்புறமும் நிறுத்தவில்லை, இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

நம்மிடம் எதுவுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அனுமந்தராயன் கோவில் தெருவில் எம்.எஸ். வளர்ந்த வீட்டு முகப்பில் வீணை இருக்கிறது. பாரதி 1904இல் சில மாதம் வேலை பார்த்ததைச் சேதுபதி பள்ளிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். தேசத் தலைவர், சங்கீதம், கவிதை, இதற்கெல்லாம் நமக்கு வாசல் தெரியும். படம் வரைந்தவர்கள் என்று வரும்போதுதான் கை விரிக்கிறோம். கொண்டையராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள் (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரை வரைய வந்து, கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும் சீடர்களும் வரைந்த காலண்டர் சாமிகள் நம் பூஜை அறைகளில் இன்றும் இருக்கின்றன. மோந்திரியானைப் போல அவரும் பிழைக்க வந்த ஊரில் குடியிருந்தவர்தான். மதுரையில் சினிமா பேனர் எழுதியவர்கள், கடைப் பலகை எழுதியவர்கள் எல்லாரும் வாடகை வீட்டுக்காரர்களே. சொந்த வீடு இருந்தவனுக்குப் பத்திரம் இருக்கும், வாடகைக்காரனுக்கு எதுவும் இருக்காது.

அதனால் பலகை செய்வது கடைசி வேலை, அதற்கு முன்னால் விலாசம் வேண்டும். உங்களுக்கும் உங்கள் வயதுக்காரர்களுக்கும் ஞாபகம் இருக்கும் ஓவியர்கள், பேனர் எழுதியவர்கள் எந்தத் தெருவில், எந்தக் கதவு எண்ணில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை குடியிருந்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், நான் நேரில் போய் விசாரித்துக்கொள்கிறேன். அவர்கள் பெயருக்கு வந்த பழைய தபால் உறை ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது. விலாசம், தேதி முத்திரை இரண்டும் அதிலேயே இருக்கும்.

அன்புடன்