நிலத்தடித் தளத்தில் நீர்க்கசிவு: கேள்வி பதில்

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் ஐப்பசி பிறந்தாலே சுவர் கசிகிறது, ஐயா. வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தும் உரிந்து விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இன்னொரு முறை பெயின்ட் அடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள். சுவருக்கு வெளியே மண்ணில் 3 மீட்டர் உயரம் நீர் நின்றால், அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 3 டன் அழுத்தம் இருக்கும். அது பெயின்டைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்.

முதலில் கசிவின் வாயைக் கண்டுபிடியுங்கள். தரையும் சுவரும் சேரும் இணைப்பைப் பாருங்கள். தரைக் காங்கிரீட்டான ராஃப்ட் இறுகிய பிறகு சுவர்க் காங்கிரீட் போடுவதால் அங்கே பிடிப்பு குறைவு. அடுத்து, காங்கிரீட் ஊற்ற நிறுத்திய அச்சுப் பலகைகளை (ஷட்டரிங்) இறுக்கிய கம்பிகள் இருந்த ஓட்டைகள். காசளவு ஈர வட்டங்கள் ஒரே வரிசையில், சம இடைவெளியில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த ஓட்டைகள்தான்.

அந்த இடங்களில் துளையிட்டுப் பாலியூரித்தேன் ரசாயனத்தை அழுத்தத்துடன் செலுத்த வேண்டும். நீர் பட்டதும் அது நுரைத்துப் பெருகி வழியை அடைத்துக்கொள்ளும். பிறகு பழைய பெயின்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, காங்கிரீட்டோடு ஒன்றிப் பிடிக்கும் சிமென்ட் வகைப் பூச்சு கொடுங்கள். ஓரிடத்தை அடைத்தால் நீர் பக்கத்தில் வழி தேடும். ஆகவே, அடுத்த மழைக்காலம் முடியும்வரை ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டுகிறோம். கடப்பைக் கல் பதிப்பதா, பிட்டுமன் (தார் வகை) ஷீட் ஒட்டுவதா?

பதில்: இரண்டுமே வெளிப்பக்க வேலைகள் என்பதால் நல்லவைதான். கல் பதிக்கத் தேர்ந்த கொத்தனாரும் சுற்றிலும் இடமும் வேண்டும். மூட்டுகளில் கலவை நிறையாவிட்டால் பயனில்லை. நான் ஷீட்டையே தேர்வு செய்வேன். ஒன்றின்மேல் ஒன்று குறைந்தது 10 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். சுவர் அடிமூலையைக் கலவையால் சரித்துக்கொண்டு ஒட்டுங்கள். செங்கோணத்தில் மடித்தால் அங்கேதான் கிழியும்.

எந்த முறையானாலும் ராஃப்ட்–சுவர் இணைப்பில் நீர் புகாமல் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டையை வைக்காமல் காங்கிரீட் போட விடாதீர்கள். மண் நிரப்பும் நாளில் நீங்களே நேரில் நில்லுங்கள். ஷீட்டுக்கு வெளியே பாதுகாப்புப் பலகை இல்லாமல் செங்கல் துண்டும் கம்பியும் கலந்த மண்ணைக் கொட்டினால், அத்தனை வேலையும் ஒரே பகலில் பாழ்.

கேள்வி: காங்கிரீட்டில் கிரிஸ்டலின் பொருள் கலந்தால் போதும் என்கிறார்களே?

பதில்: ஈரம் பட்டால் படிகம் வளர்ந்து மயிரிழை விரிசல்களை அடைக்கும், உண்மைதான். ஆனால் காங்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரைச் சரியாகப் போடாமல் ஜல்லி தெரிய நிற்கும் பொத்தல்களை எந்தக் கலப்புப் பொருளும் அடைக்காது.

கேள்வி: சுவர் ஈரமாக இருப்பது கசிவா, காற்றின் ஈரமா?

பதில்: சுவரைத் துடைத்து உலர்த்தி, ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்புறம் நீர் கோத்தால் சுவர் வழியாக வரும் ஈரம். முன்புறம் என்றால் காற்றின் ஈரம். அதற்குக் காற்றோட்டம் போதும்.

கேள்வி: சுவர் எழுப்பியாகிவிட்டது. நிலத்தடி நீரை இறைக்கும் பம்பை நிறுத்தலாமா?

பதில்: பொறியாளரிடம் கேட்காமல் நிறுத்தவே கூடாது. மேல்தளங்களின் எடை ஏறாத நிலையில் நீர் உயர்ந்தால், அது தளத்தையே மேலே தூக்கிவிடும். எத்தனை மாடி எழும்பிய பிறகு நிறுத்தலாம் என்று அவர் கணக்கிட்டுச் சொல்வார். அதுவரை மின்தடையைச் சமாளிக்க ஜெனரேட்டரும் மாற்றுப் பம்பும் தயாராக இருக்கட்டும்.