'புஸ்' சத்தத்துக்கு ஹெட்டை மாற்றாதீர்கள், டேங்கைப் பாருங்கள்

தூத்துக்குடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் 2 ஹெச்பி, 160 லிட்டர் டேங்க் ஏர் கம்ப்ரசர் இருக்கிறது. வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. மோட்டார் நின்ற பிறகும் 'புஸ்' சத்தம் அடங்குவதில்லை. காலையில் வந்து பார்த்தால் காற்றே இருப்பதில்லை. காற்றை அமுக்கும் ஹெட் போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். அவர் கூட்டிவந்த புரோக்கர், பழையதைக் கொடுத்து மேலே 18,000 போட்டால் ரீகண்டிஷன் மெஷின் தருவதாகச் சொல்கிறார். டேங்க் அடியில் வால்வைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர் வருகிறது. என்ன செய்யலாம்?"

இருவருக்கும் இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் சத்தம். மோட்டார் நின்றதும் இரண்டு மூன்று விநாடி 'புஸ்' என்று கேட்டு அடங்கினால் மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்புவதற்காக, ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் நிற்கும் காற்றை, டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் வெளியே விடுகிறது. இந்த நல்ல சத்தத்தையே கோளாறு என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நின்ற பிறகும் விடாமல் கேட்டு, டேங்க் காலியாகும் வரை போனால் கோளாறு, டேங்குக்குள் போன காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில். மோட்டார் ஓடும்போதே கேட்டால் பிரஷர் சுவிட்சின் சின்ன வால்வில். சத்தமே இல்லாமல் காற்று இறங்கினால் ஏதோ ஒரு ஜாயின்ட்டில். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். இந்த மூன்றுமே ஹெட் சம்பந்தப்பட்டவை அல்ல. கசிவே இல்லாமல், முன்பு ஐந்து நிமிடத்தில் நிரம்பிய டேங்க் இப்போது பத்து நிமிடம் எடுக்கிறதென்றால்தான் ஹெட்டைத் திறக்கும் பேச்சுக்கே இடம்.

உங்களுடையது நான்-ரிட்டர்ன் வால்வுக் கோளாறு. மெயினை அணைத்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காற்றை முழுக்க விட்டு, குழாய் ஆறிய பிறகு, அது டேங்கில் சேரும் இடத்தில் உள்ள வால்வின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே ஒரு சின்ன டிஸ்க், ஒரு ஸ்பிரிங். டிஸ்க்கில் கரி படிந்திருக்கும், அல்லது விளிம்பு தேய்ந்திருக்கும். துடைத்துப் போடலாம், தேய்ந்திருந்தால் மாற்றலாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

அந்தக் கரி ஏன் வருகிறது? பெரும்பாலும் லூஸ் ஆயிலால். கம்ப்ரசருக்கென்று தனி ஆயில் உண்டு. பிஸ்டன் மெஷினுக்கு நம் ஊர் வெயிலில் பொதுவாக விஜி 100 என்ற கெட்டித்தன்மை உள்ள ரகம். வண்டி என்ஜின் ஆயிலை ஊற்றினால் சூட்டில் கரியாகி வால்வில் ஒட்டும். ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

இனி நான் உண்மையிலேயே பயப்படும் விஷயம், அந்த டீ நிறத் தண்ணீர். அது துரு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். உங்கள் மெஷின் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டர் வரை தண்ணீர் டேங்கில் சேரலாம். கடை மூடும்போது தினமும் திறந்துவிடாவிட்டால் அடித்தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். ஒன்றரை அடி விட்டமுள்ள டேங்க் மூடியின் மேல், கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ காட்டும்போது, சுமார் 13 டன் அழுத்தம் இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அதனால்தான் புரோக்கரைத் துரத்தச் சொல்கிறேன். ரீகண்டிஷன் என்ற பெயரில் பெரும்பாலும் விற்பது, எங்கோ கழித்துப் போட்ட டேங்கில் ஓட்டை விழுந்த இடத்தை வெல்டிங் வைத்து அடைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்த சரக்கு. அரித்த தகட்டில் வைத்த வெல்டிங் நிற்காது, பக்கத்திலேயே கிழியும். நேம் பிளேட்டைப் பாருங்கள். சீரியல் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் கிளம்பிவிடுங்கள். டெஸ்ட் சர்டிஃபிகேட் என்று ஜெராக்ஸ் நீட்டினால், அதிலுள்ள நம்பரும் பிளேட்டில் உள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்கள். அழுத்தம் மிஞ்சினால் காற்றைத் தானே வெளியே விடும் சேஃப்டி வால்வு இருக்கும் இடத்தில் போல்ட் அடித்து விற்றதைக்கூடப் பார்த்திருக்கிறேன். உங்கள் மெஷினில் அந்த வால்வின் வளையத்தை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று பீறிட்டு வர வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்க ஆளில்லை. மின்சாரத்தில் இயந்திரம் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-இல் வந்த சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. தொழிற்சாலைக்குள் இருக்கும் டேங்குக்குக் காலமுறைச் சோதனை உண்டு. அதே டேங்க் சாலையோரக் கடையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சைக்கிளுக்குக் காற்றடிக்க நிற்கும் இடத்தில் இருந்தால் எட்டிப் பார்க்க ஒருவருமில்லை. டேங்க் என்ன, ஆள் கணக்குப் பார்த்தா வெடிக்கிறது? லைசென்ஸுக்கு இத்தனை தாள் கேட்கிறவர்கள் இந்த ஒரு தாளைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நீங்களே செய்துகொள்ளுங்கள். டேங்கைத் தனியாகக் கழற்றி ஹைட்ரோ டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். தண்ணீர் நிரப்பி, வழக்கமாக வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். காற்றடித்தே டெஸ்ட் செய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். தண்ணீராக இருந்தால் தகடு கிழிந்தாலும் ஒழுகும், காற்றென்றால் வெடிக்கும். முடிவு வரும்வரை மெஷினை ஓட்ட வேண்டாம்.

டெஸ்ட்டில் தேறாவிட்டால் டேங்கை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஹெட்டும் மோட்டாரும் அதிலேயே உட்காரும். பழைய டேங்கை அந்தப் புரோக்கரிடம் கொடுக்காமல், காற்று துளியும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, டிரில்லால் நாலைந்து இடத்தில் ஓட்டை போட்டு, நேம் பிளேட்டையும் பெயர்த்துவிட்டு, காயலான் கடைக்குப் போடுங்கள்.