எண்ணெய்க்கு முன்னால் கோதுமை

அமெரிக்க மாநிலமான வடக்கு டக்கோட்டா பற்றிய கட்டுரையில் வரலாறு போதவில்லை என்று பேராசிரியர் திருப்பித் தந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்குள்ள பாக்கன் பாறைப் படிவத்தில் எடுக்கும் எண்ணெயை விட்டுக் கோதுமையில் தொடங்குங்கள். அறுவடைக்குத் தரமும் விலையும் வைத்தவர்கள் பக்கத்து மாநில நகரமான மினியாபொலிஸின் வியாபாரிகள். வட்டியும் வெளியூர் வங்கிகள் சொன்னதுதான். கொதித்துப்போன விவசாயிகள் 1915-இல் தனி அமைப்பு கண்டு, அடுத்த ஆண்டே ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார்கள். 1919-இல் மாநில அரசே வங்கி திறந்தது. 1922-இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் அரசு மாவு ஆலை. இரண்டும் இன்றும் நடக்கின்றன.

அந்த வங்கியை விரிவாக எழுதுங்கள். மாநில அரசின் பணம் அங்கேதான் டெபாசிட் ஆகிறது. உள்ளூர் வங்கிகளோடு மல்லுக்கட்டாமல் அவற்றோடு சேர்ந்தே கடன் தருகிறது. என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிர் அதுதான். அப்புறம் எண்ணெய்க்கு ஒரு பத்தி போதும். எண்ணெய் வரியில் 30 சதவீதத்தைச் சேமிக்க 2010-இல் மக்கள் வாக்களித்ததை அதில் விட்டுவிடாதீர்கள்.