தட்டம்மை மட்டும் ஏன் ஊரையே பிடிக்கிறது?

“சில நோய்கள் ஒரு வீட்டோடு நின்றுவிடுகின்றன, தட்டம்மை ஏன் அப்படி நிற்பதில்லை?” என்று கேட்டிருக்கிறீர்கள். கொடிய நோய்தான் வேகமாகப் பரவும் என்றில்லை. டெட்டனஸ் ஆளைக் கொல்லும், ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதுதான் கணக்கு. அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் நோய் தானாக அடங்கும். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் தட்டம்மைக்கு அந்த எண் 12 முதல் 18 வரை!

தட்டம்மைக்காரர் அறையை விட்டுப் போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும். போதாததற்கு, தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே அவர் பரப்பத் தொடங்கிவிடுவார். அப்போது பார்த்தால் வெறும் சளி, காய்ச்சல், கண் சிவப்பு. யார் ஒதுங்குவார்கள்?

1846-இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் சில மாதங்களுக்குள் தட்டம்மையில் படுத்துவிட்டார்கள். அங்கே போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் கவனித்தது இது: 1781-இல் தட்டம்மை கண்டிருந்த முதியவர்களில் ஒருவருக்கும் அது மறுபடி வரவில்லை. 65 வருஷம் கழித்தும் உடல் மறக்கவில்லை.

சரி, 95% பேராவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? ஒருவர் 15 பேருக்குக் கொடுப்பார் என்றால், அதில் 14 பேருக்கு மேல், அதாவது சுமார் 93 சதவீதத்துக்கு மேல், எதிர்ப்பு இருந்தால்தான் எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும். ஆனால் நாட்டுச் சராசரி 95 என்றாலும், ஊசி போடாதவர்கள் ஒரே பள்ளியில் குவிந்திருந்தால் அங்கே பற்றிக்கொள்ளும்.