பால் கணக்கில் சறுக்குகிறவர்களுக்கு

போட்டித் தேர்வுக் கணக்குச் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாலும் தண்ணீரும்தான். வரிசையாகச் சொல்கிறேன்.

40 லிட்டர் பாலில் 4 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர், அப்புறம் மறுபடியும் அப்படியே. மீதிப் பால் 32 தானே? (கொழிஞ்சாம்பாறை)

இல்லை, 32.4. இரண்டாவது தடவை எடுக்கிற 4 லிட்டரில் தண்ணீரும் சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு தடவையும் பத்தில் ஒன்பது பங்குதான் மிஞ்சும். மூன்றாவது தடவையும் செய்தால் 29 சொச்சம்.

பால், தண்ணீர் 3:1 ஒரு பாத்திரம், 5:3 இன்னொன்று. சம அளவில் கலந்தால் 8:4, அதாவது 2:1 சரியா? (பொள்ளாச்சி)

தப்பு. மாதம் தவறாமல் இதே தப்பு வருகிறது, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விகிதம் என்பது அளவு இல்லை தம்பி, அதை அப்படியே கூட்டக் கூடாது. கல்யாண வீட்டில் அண்டா நிறைய அரிசி, உளுந்து 4:1 இட்லி மாவு இருக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கு 3:1 மாவு வந்து அதில் விழுகிறது, உடனே அது 7:2 ஆகிவிடுமா? அண்டா மாவின் விகிதம் லேசாகத்தான் அசையும். அதனால் முதலில் மொத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டிலும் 8 லிட்டர் என்று வையுங்கள்: முதலாவதில் பால் 6, தண்ணீர் 2, இரண்டாவதில் 5, 3. விடை 11:5. முதலாவதில் 4 லிட்டரும் இரண்டாவதில் 8 லிட்டரும் எடுத்தால்தான் உங்கள் 2:1 வரும். மனப்பாடக் குறுக்குவழியை மட்டும் சொல்லிக் கொடுத்து, அது எங்கே செல்லுபடியாகும் என்று சொல்லாமல் விடுகிறவர்களால் வந்த வினை இது.

விகிதம் 7:2, தண்ணீர் சேர்த்தால் என்ன வரும்? (வாளையார்)

எத்தனை லிட்டர்? எதற்கு எது 7? கேள்வியை முழுசாக எழுதி அனுப்புங்கள்.

பாலில் தண்ணீர் கலந்து, வாங்கிய விலைக்கே விற்று 25 சதவீத லாபம் என்றால் தண்ணீர் 25 சதவீதமா? (மீனாட்சிபுரம்)

சோதனைச் சாவடியில் பால் வண்டியை நிறுத்தி மாதிரி எடுக்கிற ஊர்க்காரர் இதில் தவறலாமா? 4 லிட்டர் வாங்கி 5 லிட்டராக விற்கிறான். தண்ணீரும் பாலும் 1:4. கலவையில் தண்ணீர் 20 சதவீதம், லாபம் பாலின் மேல் 25. மறுபடியும் சொல்கிறேன், மொத்தத்தை முதலில் எழுதுங்கள்.

கேரள பி.எஸ்.சி. வினாத்தாளில் சொற்கள் குழப்புகின்றன. (சித்தூர், பாலக்காடு)

மலையாளத்தில் அம்சபந்தம் என்றால் விகிதம், மிஷ்ரிதம் என்றால் கலவை. கணக்கு அதேதான். ஆனால் அங்கே ஒவ்வொரு தப்பான விடைக்கும் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். நம் குரூப் 4 போலக் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள்.

கிலோ 240, 300 ரூபாய் தேயிலைகளைக் கலந்து 260-க்கு வர வேண்டும். 1:2-ஆ, 2:1-ஆ? (கோவிந்தாபுரம்)

குறுக்கே கழித்தால் 40, 20. விலை குறைந்தது 2, கூடியது 1. 260 எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் அதிகம் விழுந்திருக்கும்.