ஓடுதளத்தில் முட்டினால் கிளைம் வருமா?

கேள்வி: நாங்கள் கும்பகோணத்தைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். துபாயிலிருந்து திரும்பிய ஒருவன் பழைய போர்ஷே ஒன்று வாங்கியிருக்கிறான். என்னிடம் போலோ ஜிடி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ‘டிராக் டே’ (சொந்தக் காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடத்துகிறேன் என்று ஒருவர் ஆளுக்கு 15,000 ரூபாய் கேட்கிறார். எல்லோருடைய காருக்கும் ஃபுல் இன்சூரன்ஸ், பம்பர் டு பம்பர் இருக்கிறது. “இது பந்தயமே இல்லை, அதனால் எல்லாம் கவர் ஆகும்” என்கிறார். முட்டினால் கிளைம் கிடைக்குமா?

பதிலளிப்பவர்: வாகனக் காப்பீட்டு சர்வேயர், தஞ்சாவூர்

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாலிசியின் முதல் தாளில், பிரீமியம் கணக்குக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தினால் பாலிசி பேசாது என்ற பட்டியல் அது. வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை என்று போகும். ஏற்பாட்டாளர் ‘பந்தயம்’ என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறார். ‘வேகச் சோதனை’ தனியாக எழுதியிருக்கிறது. போர்ஷே 200-ஐத் தொடுகிறதா பார்ப்போம் என்று மிதிப்பதற்கு வேறு என்ன பெயர்? யாரும் நேரம் குறிக்கவில்லை, பயிற்சிதான் என்று வாதாடலாம். அதைத் தீர்ப்பாகும்வரை வாதாட உங்களுக்கு வயது போதாது.

இந்தப் பத்தியைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் பாதித் தகராறு குறையும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முப்பது பக்க பிடிஎஃப் அனுப்பிவிட்டு, “விதிமுறைகளைப் படித்து ஒப்புக்கொண்டீர்கள்” என்கிறார்கள். ஏஜென்ட்டே படித்திருக்க மாட்டார்.

பம்பர் டு பம்பர் என்பதையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையையும், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதத்தையும் தேய்மானம் என்று கழிப்பார்கள். அந்தக் கழிவு இல்லாமல் கொடுப்பதுதான் அது. கிளைமே நிற்காத இடத்தில் கழிவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஓரத்தில் நிற்கும் யார்மேலாவது கார் மோதினால் இன்னும் மோசம். மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவில், வண்டி பந்தயத்துக்கோ வேகச் சோதனைக்கோ ஓடியது என்று சொல்லி மறுக்க கம்பெனிக்கு வழி இருக்கிறது. கோர்ட் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொன்னாலும், அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க உத்தரவு வாங்கிவிடுவார்கள். கார் லோனில் இருந்தால் இஎம்ஐ அதுபாட்டுக்கு ஓடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முட்டிய அரை மணி நேரத்தில் ஒருவர் வருவார். ரெக்கவரி வண்டிக்காரரோ, ஒர்க்‌ஷாப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும் ‘கிளைம் கன்சல்டன்ட்’டோ. “கவலைப்படாதீங்க தம்பி, வண்டியை பைபாஸுக்குக் கொண்டுபோயிடலாம், ரோட்ல நெல் காயப்போட்டிருந்தாங்க, சறுக்கிடுச்சுன்னு எழுதிக்கலாம்” என்பார். இதற்கு கிளைம் தொகையில் பத்து, இருபது சதவீதம் கேட்பார். டெல்டாவில் அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காய்வதும், அதில் வண்டி சறுக்குவதும் உண்மையிலேயே நடப்பவை. அதனால்தான் இந்தக் கதைக்கு இவ்வளவு கிராக்கி. கார்த்திகை அடைமழையில் நெல் காயப்போட்டிருந்ததாக எழுதிக்கொடுத்த கிளைம்கூட என் மேசைக்கு வந்திருக்கிறது. உங்களுக்குப் பொங்கல் சமயம், சம்பா அறுவடை, கதை அச்சாகப் பொருந்தும் என்று ஆசை காட்டுவார்கள்.

ஏமாறாதீர்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் ஏர்பேக் கம்ப்யூட்டரே மோதலுக்கு முந்தைய சில வினாடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பதிந்து வைத்திருக்கும். டிராக்கில் ஓடிய காரின் பிரேக் டிஸ்க் சூடேறி நீலம் பாய்ந்திருக்கும். டயரின் வெளி ஓரம் மட்டும் அரம் போட்டதுபோல் தேய்ந்திருக்கும். பைபாஸில் போன காருக்கு இதெல்லாம் வராது. ரெக்கவரி வண்டி டோல்கேட்டைத் தாண்டிய நேரம் ஃபாஸ்டேக்கில் இருக்கும். இது எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் நண்பர் போட்ட ரீல்ஸ் இருக்கிறதே! அன்று சாயங்காலமே போட்டிருப்பார். கிளைம் மறுப்பதோடு போகாது, மோசடி வழக்கும் வரலாம். அப்போது கன்சல்டன்ட்டின் போன் ஸ்விட்ச் ஆஃப். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது மட்டும்தான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் கொஞ்சம் நல்ல செய்தி. உடம்புக்கு அடிபட்டால்? மருத்துவக் காப்பீட்டில் மோட்டார் பந்தயம், மலையேற்றம், ஸ்கூபா எல்லாம் ஒரே வரியில் விலக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்ததும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலேயே “இது வராது சார்” என்று சொல்லிவிடுவார்கள். அந்த வரியை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த விலக்கு அது, எக்ஸ்க்ளூஷன் 09 என்று எண் போட்டிருக்கும். ‘தொழில்முறையாகப் பங்கேற்று’ அடிபட்டால்தான் விலக்கு என்கிறது. நீங்கள் கும்பகோணத்தில் கடை நடத்துகிறீர்களோ, வங்கியில் வேலை பார்க்கிறீர்களோ, கார் ஓட்டிச் சம்பாதிப்பவர் இல்லை. பொழுதுபோக்குக்குப் போய் எலும்பு முறிந்த ஆளை இந்த வரியைக் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் காரணம் கேளுங்கள். ஆனால் மருத்துவரிடமும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். அங்கே “பைக்கிலிருந்து விழுந்தான்” என்று எழுத வைத்தால், கையில் இருந்த நியாயமும் போய்விடும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நண்பர்கள் பதற்றத்தில் செய்யும் வேலை இது. முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஓடுதளத்துக்கு வருவோம். உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று இரண்டாம் உலகப் போர்க்காலத் தளங்கள் தமிழ்நாட்டில் கிடக்கின்றன. நம் தஞ்சாவூர்த் தளம் 2013 முதல் மறுபடியும் விமானப்படை நிலையம், அங்கே பேச்சுக்கே இடமில்லை. சோழவரத்தில் பழைய ஓடுதளத்தில்தான் வருஷக்கணக்கில் கார் பந்தயம் நடந்தது, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளம்தான். ஏற்பாட்டாளர் இதையெல்லாம் அழகாகச் சொல்வார். அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவர் லெட்டர்பேடோ, ‘லோக்கல்ல பேசியாச்சு’ என்பதோ செல்லாது. நிலத்துக்குச் சொந்தமான துறை, தேதி குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் இடமாக இருந்து, அரசின் எழுத்துபூர்வ அனுமதியும் இல்லையென்றால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு வரும். முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். அந்த 5,000-ஐ ஏற்பாட்டாளர் கட்டமாட்டார்.

“எங்களிடம் ஈவென்ட் இன்சூரன்ஸ் இருக்கு” என்றால் நகல் கேளுங்கள். பெரும்பாலும் பார்வையாளருக்கு அடிபட்டால் மட்டும் பேசுகிற பாலிசியாக இருக்கும். உங்கள் போலோவின் பானெட்டை அது பார்க்காது.

ஓட்டியே ஆக வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவையில் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே இரண்டும் இருக்கின்றன. அங்கேயும் உங்கள் கார் பாலிசி பேசாது. ஆனால் டிராக்குக்கு வெளியே கார் ஓடி நிற்க இடம் இருக்கும். பழைய ஓடுதளத்தில் காங்கிரீட் இடுக்கில் புல்லும், நடுவில் ஆடும்தான் இருக்கும். வீட்டிலிருந்து டிராக் வரை போகவும் திரும்பவும் பாலிசி வழக்கம்போல் செல்லும், அதில் பயம் வேண்டாம். துபாய் நண்பரின் இந்திய லைசென்ஸ் காலாவதியாகவில்லையா, போர்ஷேவின் பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் அணைக்கரைப் பாலத்தில் உரசியதற்குக்கூட அந்தக் காருக்கு கிளைம் சிக்கலாகிவிடும்.

பணம் கட்டும் முன் உங்கள் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்தத் தேதியில், இந்த இடத்தில், இந்த நிகழ்ச்சியில் ஓட்டினால் ஓன் டேமேஜ் (என் காருக்கே ஆகும் சேதத்துக்கான கிளைம்) உண்டா? பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் “ஓகே சார், பாத்துக்கலாம்” பதிலாகாது.